கேமரா கெட்டுப்போகவில்லை

அன்புள்ள அம்மு,

நேற்று போனில், மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் கபால நரம்புகள் பன்னிரண்டு ஜோடியையும் வரிசையாக ஒப்பித்தாய். ஏழாவதற்கு வந்ததும் வழக்கம்போல நின்றாய். "இதுக்கு மட்டும் ஏம்பா இத்தனை கிளை?" என்று நொந்துகொண்டாய். நானும் "சரி, போய்த் தூங்கு" என்று வைத்துவிட்டேன். முகத்தை அசைக்கிற அந்த ஏழாவதைப் பற்றி உன்னைவிட எனக்கு ஒரு விரற்கடை அதிகமாகவே தெரியும். உன் பரீட்சை முடியும்வரை மூச்சுவிடக் கூடாது என்று உன் அம்மா உத்தரவு. கேமரா கெட்டுப்போச்சு என்று சொல்லி வீடியோவில் வராமல் இருந்ததும் அதனால்தான். இன்று முடிந்துவிட்டதால் எழுதுகிறேன்.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு காலை, பல் தேய்த்து வாய் கொப்பளித்தேன். தண்ணீர் இடது ஓரமாக வழிந்து சட்டையை நனைத்தது. கண்ணாடியில் பார்த்தால் பாதி முகம் என் பேச்சைக் கேட்கவில்லை. பதறாதே, பக்கவாதம் இல்லை. அப்போதே டாக்டரிடம் ஓடினோம். கை, கால், பேச்சு எல்லாம் பார்த்தார். அப்புறம் "புருவத்தைத் தூக்குங்க" என்றார். இடது நெற்றியில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. அதைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. நெற்றி அசையாதது நல்ல சேதியா என்று எனக்கு ஒரே குழப்பம்.

காரணம் உனக்குத் தெரிந்திருக்கும். நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரண்டு பாதியிலிருந்தும் கட்டளை வருகிறது. மேலே மூளையில் ஒரு பக்கம் அடிபட்டால் மறுபக்கம் ஈடுகொடுக்கும். வாய் கோணினாலும் நெற்றி பெரும்பாலும் சுருங்கும். நரம்பே அடிவாங்கினால் நெற்றியிலிருந்து தாடைவரை அந்தப் பக்கம் மொத்தமும் தொங்கிவிடும். இதை வைத்து யாரும் வீட்டில் உட்கார்ந்து முடிவுகட்டக் கூடாது. முகம் கோணினால் ஓட வேண்டியதுதான்.

என்னுடையது பெல்ஸ் பால்சி, ஏழாவது நரம்பு அடிவாங்கி ஒரு பக்க முகம் செயலிழப்பது. 1821-இல் முக நரம்புகளைப் பற்றி எழுதிய சார்லஸ் பெல் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவரின் பெயர். ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன் என்றார்கள். ஆரம்பித்தாயிற்று. அப்புறம் வீட்டில் சும்மா இருந்தபோதுதான், கனமாக இருக்கிறது என்று நீ விட்டுப்போன பழைய அனாடமி புத்தகத்தை எடுத்தேன். பக்கமெல்லாம் உன் சிவப்புக் கோடுகள். எல்லாக் கோடும் எண்களுக்கு அடியில்.

எண்ணை இவ்வளவு நம்பாதே அம்மு. பழங்கால கிரேக்க மருத்துவர் காலன் ஏழு ஜோடி என்றார். இன்று நீ படிக்கிற பன்னிரண்டு, 1778-இல் ஜெர்மன் மருத்துவர் சோமரிங் வகுத்தது. நடுவில் வந்த இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் உன் ஏழாவதையும், காதுக்குப் போகிற எட்டாவதையும் சேர்த்து ஒன்றாகவே எண்ணிவிட்டார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிளம்பி, ஒரே ஓட்டைக்குள் சேர்ந்தே நுழைகின்றன. நரம்பை அது போகிற வழியை வைத்துப் படித்தால் மறக்காது என்பது என் கட்சி.

ஏழாவது, மூளைத்தண்டில் பான்ஸும் முகுளமும் சேரும் இடத்தில் புறப்படுகிறது. எட்டாவதோடு ஓட்டைக்குள் போய், அதைக் காதுக்குள் விட்டுவிட்டு, தனியாக ஓர் எலும்புக் குகைக்குள் புகுகிறது. சுமார் 3 சென்டிமீட்டர். எலும்புக்குள் இத்தனை தூரம் போகிற கபால நரம்பு வேறு கிடையாது. குகை வாசலில் அகலம் 1 மில்லிமீட்டர்கூட இல்லை. நரம்பு வீங்கினால் எலும்பா விலகிக் கொடுக்கும்? நரம்புதான் நெரிபட வேண்டும். என் கதை அங்கேதான் நடந்தது.

போகிற வழியில் அது முதலில் கண்ணீருக்கு ஒரு கிளை விடுகிறது. அடுத்து, காதுக்குள் இருக்கிற அங்கவடி என்ற குட்டி எலும்பை இழுத்துப் பிடிக்கிற தசைக்கு. அதற்கடுத்து நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்கின் ருசிக்கு. பிறகு காது மடலுக்குக் கீழே வெளியே வந்து, பரோட்டிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் ஐந்தாகப் பிரிந்து முகமெல்லாம் பரவுகிறது. இதில் ஒரு வேடிக்கை: அந்தச் சுரப்பிக்குள்ளேயே புகுந்து போனாலும் அதற்கு இது ஒரு வேலையும் செய்வதில்லை. அங்கே உமிழ்நீர் சுரக்க ஒன்பதாவதுதான் வர வேண்டும். எந்த வாய்மொழித் தேர்விலும் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள்.

எந்தெந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பார்த்தால் உடைப்பு எங்கே என்று தெரிந்துவிடும் அல்லவா? அதே கணக்கு. முதல் வாரம், சமையலறையில் ஒரு தட்டு விழுந்தாலும் என் இடது காதில் இடி விழும். அந்த அங்கவடித் தசை 6 மில்லிமீட்டர்தான், உடம்பின் எலும்புத் தசைகளிலேயே சிறியது. பெரிய சத்தத்தை அடக்கிக் கொடுப்பது அதன் வேலை. அது படுத்துவிட்டது. நாக்கின் இடது நுனியில் உப்பை வைத்தால் மண்ணாட்டம் இருந்தது. ஆகவே அடைப்பு இந்த இரண்டு கிளைகளுக்கும் மேலே! டாக்டரிடம் பெருமையாகச் சொன்னேன். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று கேட்டார்.

கண்ணீர்க் கணக்கில் மட்டும் ஏமாந்தேன். கண்ணில் நீர் கொட்டியதால் அந்தக் கிளை நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். கீழிமை தொங்கிவிட்டதால் வடிய வழியில்லாமல் வழிந்ததாம்.

ரொம்பப் படுத்தியது அந்தக் கண்தான். இமையைத் திறப்பது மூன்றாவது, மூடுவது ஏழாவது. மூடுகிறவன் விடுப்பில் போனால் கண் திறந்தே கிடக்கும். மூட முயன்றால் விழி மேலே உருண்டு வெள்ளை மட்டும் தெரியும். முதல் ராத்திரி உன் அம்மா விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அலறினாள். பகலில் சொட்டு மருந்து, ராத்திரியில் களிம்பு, மேலே டேப்.

ஒரு நாள் இடக்கண்ணில் தூசி விழுந்தது. சிமிட்டியது வலக்கண்! உறுத்தலை மூளைக்குச் சொல்லும் ஐந்தாவது சரியாகத்தான் வேலை செய்தது. மூளையும் இரண்டு கண்ணையும் மூடு என்று உத்தரவு போட்டது. இடப்பக்கம் உத்தரவை வாங்க ஆளில்லை. கண்ணாடி முன் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். பார்க்க இரண்டாவது, அசைக்க மூன்று, நான்கு, ஆறு, உணர ஐந்து, மூட ஏழு. ஒரு கண்ணிலேயே உன் பன்னிரண்டில் பாதி வந்துவிட்டது.

பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே அசைவு திரும்பிவிடுமாம். எனக்கு இரண்டரை மாதம் கழித்துத்தான் கன்னத்தில் முதல் துடிப்பு. நசிந்த நரம்பிழை நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளரும் என்றார்கள். தினமும் ஷேவ் செய்யும்போது, இன்று எங்கே வந்திருக்கும் என்று விரலால் அளந்துகொண்டிருந்தேன். இப்போது நெற்றி சுருங்குகிறது, சீட்டியடிக்கவும் வருகிறது.

ஒன்று மட்டும் மிச்சம். வாய்க்குப் போக வேண்டிய சில இழைகள் வழி தவறிக் கண்ணுக்குப் போய்விட்டன. சிரித்தால் இடக்கண் தானாகச் சுருங்குகிறது. கண்ணாடி முன் உட்கார்ந்து மெதுவாகப் பழகினால் குறையும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருக்கிறார். உன் அம்மா குறைய வேண்டாம் என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவிலேயே கூப்பிடு. கேமரா கெட்டுப்போகவில்லை. நான் கண்ணடித்தால் தப்பாக நினைக்காதே, அது ஏழாவது.

அன்புடன்,
அப்பா