தும்பாவின் வரலாற்றை 1837-இலிருந்து தொடங்குங்கள்

பாறசாலை, நெய்யாற்றின்கரை, களியக்காவிளை வட்டாரப் பள்ளிகளில் தமிழ் வழியில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

மாணவர்களைத் திருவனந்தபுரம் அருகே உள்ள தும்பா ராக்கெட் ஏவுதளத்துக்கு அழைத்துச் செல்லும்போது, 1963 நவம்பர் 21 அன்று அமெரிக்க நைக்கி-அப்பாச்சி ராக்கெட் பிரெஞ்சு சோடியம் ஆவிக் கருவியோடு மேலெழுந்ததையும், புனித மகதலேனா மரியாள் தேவாலயம் பணிக்கூடமானதையும் நாம் தவறாமல் சொல்கிறோம். அந்தக் கடற்கரையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டால், காந்த நடுக்கோடு (காந்த ஊசி மேலோ கீழோ சாயாமல் படுக்கையாக நிற்கும் இடங்களை இணைக்கும் கோடு) அதன் அருகே சென்றது என்ற ஒற்றை வரியோடு நிறுத்திவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு இருக்கிறது. கல்குளமும் விளவங்கோடும் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1837-இல், சுவாதித் திருநாள் மகாராஜா திருவனந்தபுரத்தில் வானாய்வகம் நிறுவினார். அதன் முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட், சென்னை வானாய்வகத்தின் டெய்லரோடு சேர்ந்து தென்னிந்தியா முழுவதும் காந்தப்புலத்தை அளந்தார். 1852-இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரௌன், நம் எல்லையில் நிற்கும் அகத்தியர் மலையின் உச்சியிலேயே 1855-இல் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். இன்றும் ஏறுவதற்குக் கடினமான அந்த மலைக்கு, நுண்ணிய கருவிகளைக் காட்டு வழியே தோளில் சுமந்து கொண்டுபோனவர்களையும் பிள்ளைகள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

காந்த நடுக்கோட்டை வகுப்பறையிலேயே காட்டிவிடலாம். ஒரு தையல் ஊசியை நூலில் கட்டிச் சமமாகத் தொங்கவிட்டு, கட்டு நகராமல் காந்தத்தால் ஒரே திசையில் தேய்த்து, மீண்டும் தொங்கவிடுங்கள். டெல்லியில் அதன் வடமுனை 40 பாகைக்கும் மேல் குனிய முனையும். நம் பக்கத்திலோ ஊசி ஏறக்குறைய படுக்கையாகவே நிற்கும். இந்தக் கோட்டுக்கு மேலே, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில், பகலில் வலிமையான மின்னோட்டம் ஒன்று கிழக்கு நோக்கி ஓடுகிறது. பலூன் அவ்வளவு உயரம் போகாது; செயற்கைக்கோளோ அவ்வளவு தாழ்வாகச் சுற்றினால் காற்றின் உராய்வில் விழுந்துவிடும். ஆகவே அதை நேரில் சென்று அளக்க ராக்கெட்தான் வழி. விக்ரம் சாராபாய் இந்தக் கரையைத் தேடி வந்ததும், பீட்டர் பெர்னார்டு பெரேரா ஆயர் தம் மக்களின் இசைவோடு ஆலயத்தையும் நிலத்தையும் விட்டுக்கொடுத்ததும் இதற்காகவே. வழிபட்ட இடத்தையும் குடியிருந்த மண்ணையும் கொடுத்து விலகிய மீனவக் குடும்பங்களின் பங்கை, விஞ்ஞானிகளின் பங்குக்கு இணையாகவே நான் மதிக்கிறேன்.

எனவே அடுத்த சுற்றுலாவில் பேருந்தை நேரே தும்பாவுக்கு விடாமல், இன்று கேரளப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கும் அந்தப் பழைய வானாய்வகத்துக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி பெற்று, முதலில் அங்கே அழைத்துச் செல்லுங்கள். ஊசிச் சோதனையை அதற்கு முந்தைய வாரமே செய்து முடித்துவிட்டால், தும்பாவில் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் வேறாக இருக்கும்.

இப்படிக்கு,
பாறசாலை வட்டாரத் தமிழ்ப் பெற்றோர் ஒருவர்