முழுமையாகச் சமைத்த நத்தார் ஹாமும் பொதியிலிருந்த பிழையான தமிழ் அறிவுறுத்தலும்: ஒரு முறைப்பாடு

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
30.12.2024

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா / அம்மணி,

இம்மாதம் 21ஆந் திகதி எங்கள் பகுதிச் சுப்பர் மார்க்கெட்டில், தங்கள் நிறுவனத்தின் பெயர் பொறித்த, எலும்புடன் கூடிய 3.2 கிலோ நத்தார் ஹாம் (பதப்படுத்திய பன்றித் தொடை இறைச்சி) ஒன்றை வாங்கினேன். பற்றுச்சீட்டின் பிரதியையும் பொதியின் இரு பக்கங்களின் படங்களையும் இத்துடன் இணைத்துள்ளேன். அந்த ஹாமைக் குளிராகவே வெட்டிப் பரிமாறலாமா, சூடாக்கிப் பரிமாற வேண்டுமா, அல்லது பச்சை இறைச்சியைப் போல் முதலிலிருந்து சமைக்க வேண்டுமா என்ற ஒரே கேள்விக்குத் தங்கள் பொதி மூன்று மொழிகளில் மூன்று விதமாகப் பதில் சொல்கிறது. அவற்றில் தமிழில் இருந்ததை நம்பி நடந்ததால், நத்தார் இரவு மேசைக்கு வர வேண்டிய இறைச்சி பாழாயிற்று.

பொதியின் முன்பக்கத்தில் பெரிய ஆங்கில எழுத்துகளில், இது முழுமையாகச் சமைக்கப்பட்டது என்றும் குளிராகவோ சூடாகவோ பரிமாறலாம் என்றும் அச்சிடப்பட்டிருக்கிறது. பின்பக்கத்தில், காலாவதித் திகதிக்குக் கீழே, சிங்களத்தில் சூடாக்கிப் பரிமாறுமாறு கூறப்பட்டுள்ளதாகப் பக்கத்து வீட்டார் பின்னர் வாசித்துச் சொன்னார்கள். அதற்கும் கீழே, அரிசி மணியளவு எழுத்தில், தமிழில் உள்ள வரி இது: “உண்பதற்கு முன் நன்கு சமைக்கவும்.” வீட்டில் சமையல் என் பொறுப்பு, நான் வாசிப்பது தமிழ். முன்பக்கத்து ஆங்கிலத்தை விளம்பரம் என்று எண்ணிக் கடந்துவிட்டு, பின்பக்கத்துச் சிறிய எழுத்தில் இருப்பதே உண்மையான அறிவுறுத்தல் என்று கொண்டேன். மருந்துப் போத்தல் முதல் பால்மாப் பக்கற் வரை எதை வாங்கினாலும் நாங்கள் அப்படித்தானே வாசித்துப் பழகியிருக்கிறோம்?

இருபத்து நான்காந் திகதி மாலை ஐந்து மணிக்கு, தோலை நீக்கி, கொழுப்பைச் சாய்சதுரமாகக் கீறி, ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு கராம்பைக் குத்தி, சிவப்புச் சீனியும் கடுகும் அன்னாசிச் சாறும் கலந்து பூசி, ஓவனை 190 பாகை செல்சியஸில் வைத்து ஹாமை உள்ளே வைத்தேன். இரண்டரை மணி நேரம் கழித்து எலும்போரத்தில் கத்தியால் சிறிது பிளந்து பார்த்தபோது உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. பன்றி இறைச்சியில் சிவப்புத் தெரிந்தால் வேகவில்லை என்றுதான் எங்கள் அம்மாமார் சொல்லித் தந்திருக்கிறார்கள். கறிக்கு அது சரியான அளவுகோலும்கூட. ஆகவே மீண்டும் உள்ளே வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன், அதே நிறம். மேற்பூச்சுக் கருகத் தொடங்கியதால் அலுமினியத் தாளால் மூடி மறுபடியும் வைத்தேன். பத்து மணிக்கு, நள்ளிரவுத் திருப்பலிக்குப் புறப்பட நேரமாகிவிட்டதே என்று வெளியே எடுத்தபோதும் அந்த இளஞ்சிவப்பு மாறவில்லை. அது மாறாது என்பதை இப்போது அறிந்துகொண்டேன். பதப்படுத்தும்போது சேர்க்கும் நைத்திரைற்று உப்பு இறைச்சியின் நிறப்பொருளோடு சேர்வதால், எவ்வளவு நேரம் வெந்தாலும் ஹாம் இளஞ்சிவப்பாகவே இருக்கும். நிறத்தைப் பார்த்து அது வெந்ததா என்று சொல்லவே முடியாத ஓர் இறைச்சியின் மேல் “நன்கு சமைக்கவும்” என்று மட்டும் எழுதி ஒருவர் கையில் கொடுத்தால், அவர் அதை எப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்குவது?

புனித லூசியாள் பேராலயத்தில் திருப்பலி முடிந்து, உறவினர் பதினொரு பேருடன் வீடு திரும்பும்போது ஒன்றரை மணியாகிவிட்டது. புரூடர் என்னும் நத்தார்க் கேக்கும் ஈடம் சீஸும் பாணும் மேசையில் இருந்தன. ஹாமில் கத்தியை வைத்ததும் அது துண்டாக வரவில்லை. தேங்காய்த் தும்பைப் போல் நார் நாராகப் பிரிந்தது. ஈரம் முழுவதும் வற்றிவிட்டதால் உப்பு மட்டும் திரண்டு, இரண்டாவது வாய்க்குப் பின் எல்லோரும் தண்ணீர் கேட்டார்கள். ஹோட்டல் சமையலறைகளில் இருபது வருடம் வேலை செய்த என் அத்தான் மட்டும் எழுந்துபோய், குப்பைக் கூடையிலிருந்த பொதியை எடுத்து, முன்பக்கத்து ஆங்கிலத்தை வாசித்துவிட்டு, “இதைக் குளிராகவே வெட்டியிருக்கலாமே, பிள்ளை” என்றார். மறுநாள் எலும்பையாவது பயன்படுத்தலாம் என்று பருப்போடு அவித்தேன். உப்புக் கரித்ததால் முதல் தண்ணீரைக் கொட்ட வேண்டியதாயிற்று.

26ஆந் திகதி தங்கள் வாடிக்கையாளர் சேவை இலக்கத்தை அழைத்தேன். முதலில் பேசியவர், எந்தச் சந்தேகமும் இல்லாமல் குளிராகச் சாப்பிடலாம் என்றார். தமிழில் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டியதும் இணைப்பை இன்னொருவருக்கு மாற்றினார். அவர், கட்டாயம் சூடாக்க வேண்டும் என்றும், எவ்வளவு சூடாக்குவது என்பது “உங்கள் விருப்பம்” என்றும் சொன்னார். தங்கள் நிறுவனத்துக்குள்ளேயே இருவருக்கு இரு கருத்து இருக்குமானால், பொதியில் மூன்று இருப்பதில் வியப்பில்லை.

குளிரா சூடா என்பது சுவையைப் பொறுத்த அளவில் வாங்குபவரின் விருப்பம்தான். என்னைக் கேட்டால், கொழும்பில் டிசம்பர் மாதத்தில்கூடக் குளிர்ந்த ஹாமே மேல் என்பேன். குளிர்ந்திருக்கும்போதுதான் கடதாசி போல் மெல்லியதாக வெட்ட முடியும். கொழுப்பு உருகாமல் நிற்கும். கடுகும் பாணும் அதற்குப் பொருந்தும். சீனிப் பூச்சுப் பளபளக்க வேண்டும் என்பவர்கள்தாம் சூடாக்க வேண்டும், அதுவும் அளவோடு. ஆனால் குளிராகச் சாப்பிடுவது பாதுகாப்பானதா என்பது என் விருப்பத்தில் தீர்மானிக்கும் விடயம் அன்று. அதை அந்த இறைச்சியை உப்புநீரில் ஊறவைத்து, வேகவைத்து, பொதி செய்த தாங்கள்தான் அறிவீர்கள். தாங்கள்தான் சொல்லவும் வேண்டும்.

இதைப் பற்றி மற்ற நாடுகளில் எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்த்தேன். அமெரிக்க வேளாண்மைத் திணைக்களத்தின் வழிகாட்டலில், பரிசோதனைக்குட்பட்ட ஆலையில் முழுமையாகச் சமைத்து, காற்றை நீக்கிய வெற்றிடப் பொதியில் அடைத்த ஹாமைப் பொதியிலிருந்து எடுத்தபடியே குளிராக உண்ணலாம். சூடாக்க விரும்பினால் ஓவனை 163 பாகைக்குக் குறையாமல் வைத்து, உட்பகுதி 60 பாகையை அடையும்வரை சூடாக்கினால் போதும். என்னுடையதைப் போன்ற, எலும்புள்ள அரைத் தொடைக்கு அரைக் கிலோவுக்கு ஏறத்தாழ 20 முதல் 25 நிமிடம் பிடிக்குமாம். ஆலைக்கு வெளியே பிரித்து மறுபடி பொதி செய்திருந்தால் மட்டும் 74 பாகை வரை சூடாக்க வேண்டும். இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் நான் வாங்கிய ஹாமின் வெற்றிடப் பொதியில் தங்கள் பெயர் இருந்தாலும், எடையும் விலையும் கடையின் ஒட்டுத்தாளில்தான் இருந்தன. அது ஆலையிலிருந்து வந்தபடியே இருந்ததா, கடையில் வெட்டி மறுபடி அடைத்ததா என்பதைப் பொதியைப் பார்த்து என்னால் அறிய முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்றிரவு மேசையில் இருந்தவர்களில் என் மருமகள் ஆறு மாதக் கர்ப்பிணி. கடைகளில் துண்டு போட்டு விற்கும் பதன்செய்த இறைச்சிகளைக் கர்ப்பிணிகள் ஆவி பறக்கச் சூடாக்கியே உண்ண வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் அறிவுறுத்துகிறது. காரணம், குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் பெருகக்கூடிய லிஸ்டீரியா என்ற பற்றீரியா. அவளைப் பொறுத்த அளவில் தங்கள் தமிழ் வரி, பிழையாக இருந்தும், நன்மையே செய்தது. ஆனால் ஆங்கிலத்தை மட்டும் வாசிக்கும் ஒரு கர்ப்பிணிக்கு அந்தப் பொதியில் ஒரு சொல்கூட இல்லை. வெட்டிய ஹாமை மேசையில் எவ்வளவு நேரம் வைக்கலாம் என்பதும் இல்லை. வழமையாக இரண்டு மணி நேரம் என்றும், வெயில் 32 பாகையைத் தாண்டும் இடத்தில் ஒரு மணி நேரம் என்றும் சொல்வார்கள். நத்தார் மதிய விருந்தை முற்றத்துப் பந்தலின் கீழ் வைக்கும் குடும்பங்கள் எங்கள் ஒழுங்கையிலேயே நான்கைந்து உண்டு.

ஆகவே, ஹாமுக்கு நான் செலுத்திய முழுத் தொகையையும் மீளளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கராம்புக்கும் அன்னாசிக்கும் ஐந்து மணி நேர மின்சாரத்துக்கும் நான் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த நத்தாருக்கு முன்னர், மூன்று மொழிகளிலும் ஒரே செய்தி, ஒரே அளவு எழுத்தில் வர வேண்டும் என்பதைப் பணத்தைவிட அழுத்தமாகக் கேட்கிறேன். ஏற்கெனவே சமைக்கப்பட்டது, குளிராக உண்ணலாம், சூடாக்குவதானால் இந்த வெப்பநிலையில் இவ்வளவு நேரம், வெந்த பின்னும் இளஞ்சிவப்பாகவே இருக்கும் என்று நான்கு சிறிய வாக்கியங்கள் போதும். அந்தத் தமிழை அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னர், தமிழில் சமையல் செய்யும் ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். “சமைத்தது” என்பதற்கும் “சமைக்கவும்” என்பதற்கும் இடையில் சில எழுத்து வித்தியாசம்தான். எங்கள் மேசையில் அது மூன்று கிலோ இறைச்சியாயிற்று. கையிருப்பில் இதே பொதி இன்னும் இருந்தால், புதுவருடத்துக்காக வாங்குவோருக்குத் தெரியும்படி கடைகளில் ஓர் அறிவித்தலாவது உடனே ஒட்டச் செய்யுங்கள்.

இக்கடிதம் கிடைத்து பதினான்கு நாட்களுக்குள் எழுத்துமூலம், தமிழில், பதிலை எதிர்பார்க்கிறேன். பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடமும், எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் இதே ஆவணங்களைக் கையளிப்பேன்.

பொதியின் மூலத்தைக் கழுவி உலர்த்தி எடுத்து வைத்திருக்கிறேன். படங்களில் தமிழ் எழுத்து தெளிவாகத் தெரியவில்லை, அவ்வளவு சிறியது. தேவையானால் தங்கள் அலுவலகத்துக்கு நேரில் கொண்டுவந்து காட்டுகிறேன்.

இவ்வண்ணம்,
தங்கள் வாடிக்கையாளர்
(கையொப்பம்)

இணைப்பு: பற்றுச்சீட்டின் பிரதி, பொதியின் முன்பக்க, பின்பக்கப் படங்கள்.