ஏலத்தில் ஐயாயிரம், சந்தையில் பேரம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஆலயத்தில் அண்மையில் அறுப்பின் பண்டிகை நடந்தது. "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்ற வசனத்தைத் துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். அதன்கீழ் வாழைக்குலை, மரவள்ளிக்கிழங்கு, முட்டை, யாரோ வீட்டு வேலியில் முறித்த முருங்கைக்காய்க் கட்டு. ஆராதனை முடிந்து ஏலம் போட்டபோது ஒரு பூசணிக்காய் ஐயாயிரம் ரூபாய்க்குப் போனது. வாங்கியவர் மனநிறைவோடு கொடுத்தார். அது நல்ல காரியம்.

ஆனால் மறுநாள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் எங்கள் சபையாரையே கண்டேன். கீரை விற்கிற ஆச்சி ஒரு பிடி எண்பது என்றா. "அறுபதுக்குத் தாணை" என்று விடாமல் நின்றார்கள். வெள்ளாப்பிலே பிடுங்கி, கழுவி, வாழைநாரால் கட்டி, முதல் பஸ்ஸில் கொண்டுவந்த கீரை அது. வேரில் ஒட்டிய செம்மண்கூடக் காயவில்லை. கடைசியில் அறுபதைக் கொடுத்துவிட்டு, ஒரு நல்ல வார்த்தையும் சொல்லாமல் போனார்கள். சூப்பர் மார்க்கெட்டில் ஒட்டியிருக்கும் விலையை வாய் திறக்காமல் கொடுக்கிறோமே, ஆச்சியிடம் மட்டும் ஏன் இந்தக் கறார்?

2021 இல் இலங்கை அரசு இரசாயன உரத்தைத் தடைசெய்தபோது வலிகாமப் பகுதித் தோட்டக்காரர் பட்ட பாடு எங்கள் கண்முன் நடந்தது. 2022 இல் மண்ணெண்ணெய் இல்லாமல் தோட்டத்து இறைப்பு மெசினும் நின்றது, கடற்றொழிலாளரின் படகும் நின்றது. அந்தக் காலத்திலும் எங்கள் கோப்பையில் சோறும் மரக்கறியும் இருந்ததென்றால் அவர்கள் விடாமல் பாடுபட்டதால்தான்.

என் அம்மம்மா சாப்பாட்டுக்கு முன் செய்யும் ஜெபம் நீளமானது. "ஆண்டவரே, இதை விளைவிச்சவையளையும், மீன் பிடிச்சவையளையும், சுமந்து கொண்டுவந்தவையளையும் ஆசீர்வதியும்" என்று ஒவ்வொருவராய்ச் சொல்லுவா. மீன்காரி படலையில் கூப்பிட்டால் முதலில் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் விலை கேட்பா. இப்போது எங்கள் வீடுகளில் அந்த ஜெபம் ஒரு வரியாகிவிட்டது.

வேதாகமத்தில் உபாகமம் 26 ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். முதற்கனிகளைக் கூடையில் வைத்துக் கர்த்தருடைய சந்நிதிக்குக் கொண்டுவரச் சொல்லுகிற அதே இடத்தில், ஆலயப் பணிசெய்கிற, நிலமில்லாத லேவியனும் உன்னிடத்திலிருக்கிற பரதேசியும் (அந்நியனும்) உன்னோடு சேர்ந்து சந்தோஷப்பட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கூடையை மட்டும் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

போதகர்மாரிடமும் சபை நிர்வாகத்தினரிடமும் நான் கேட்பது இதுதான். அடுத்த பண்டிகைக்குச் சந்தை வியாபாரிகளையும் தோட்டக்காரரையும், அவர்கள் எந்தச் சமயத்தவராக இருந்தாலும், வீடு தேடிப்போய் அழையுங்கள். வந்தவர்களை முன்வாங்கில் இருத்துங்கள். ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள் நன்றி ஜெபம் சொல்லும்போது, அந்தக் கிழமை தங்களுக்கு உதவிய ஒருவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லப் பழக்குங்கள். அவர்களைப் பிறகு அவரிடமே அனுப்பி, வாயால் நன்றி சொல்லவும் வையுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
மானிப்பாய்.