கியர் ராடு சாய்ந்தால் உடனே வளைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தேனி மாவட்டத்திலிருந்து கம்பமெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகளும், சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறும் ஜீப்புகளும் பெரும்பாலான நேரம் முதல் இரண்டு கியர்களிலேயே ஓடுபவை. இப்படி உழைக்கும் பழைய வண்டிகளில் கியர் ராடு நியூட்ரலில் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்வதும், இறக்கத்தில் கியர் தானாக நழுவுவதும் அடிக்கடி வரும் பழுது. இதற்கு ராடைக் கேஸ் தீயில் காய்ச்சி வளைக்கிறார்கள். இல்லையென்றால் எடுத்த எடுப்பில் கியர் பாக்ஸை இறக்குகிறார்கள். பல வண்டிகளில் இரண்டுமே தேவைப்படாது.

இந்த ஜீப்புகளில் ராடு நேராகக் கியர் பாக்ஸின் மேல்மூடியில் உட்கார்ந்திருக்கிறது. கியர் பாக்ஸும் எஞ்சினும் ரப்பர் மவுண்டிங் எனும் தாங்கு திண்டுகள் மூலம் சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில் நிற்கின்றன. ராடு வெளிவரும் ஓட்டை இருப்பதோ பாடியின் தரைத்தகட்டில். அந்தப் பாடி வேறு ரப்பர்கள் மேல் அமர்ந்திருக்கிறது. எந்த ரப்பர் அமுங்கினாலும் ராடு ஓட்டையின் நடுவை விட்டு விலகும். கியர் பாக்ஸ் ஒரு பாகை சாய்ந்தால் போதும், அரை மீட்டர் ராடின் தலை ஏறக்குறைய 9 மி.மீ. நகர்ந்துவிடும். மவுண்டிங்குக்குப் பதில் பழைய டயர் துண்டை வெட்டி வைக்கும் வழக்கத்தால் வரும் கேடும் இதுதான். பாடியை உயர்த்த இடையில் கட்டை கொடுத்தவர்களுக்கும் இதே தொல்லை வரும்.

ஏற்றத்தில் எஞ்சின் சக்கரத்தை இழுக்கிறது. இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் சக்கரம் எஞ்சினைச் சுற்றுகிறது; முறுக்கு எதிர்ப்பக்கம் திரும்புகிறது. மவுண்டிங் விட்டுப்போன வண்டியில் அப்போது எஞ்சினும் கியர் பாக்ஸும் சேர்ந்து புரளும். ராடு ஓட்டையின் விளிம்பிலோ விறைத்துப்போன ரப்பர் கவரிலோ முட்டி, விழுந்திருக்கும் கியரை வெளியே இழுத்துவிடும். எஞ்சின் பிடிப்பு போய்விடும். நிறைய ஆட்களோடு இறங்கும் வண்டியின் முழு பாரமும் பிரேக் மேல் விழும்.

சோதனையை வெளியிலிருந்து தொடங்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, எஞ்சினை அணைத்து நியூட்ரலில் வையுங்கள். பக்கத்தில் உள்ள ஃபோர்வீல் லீவரை, அதாவது நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் லீவரைப் பாருங்கள். அந்த லீவர் இயக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டி) கியர் பாக்ஸின் பின்புறத்திலேயே மாட்டியிருப்பதால், அந்த லீவரும் அதே பக்கம் ஒதுங்கியிருந்தால் அடியில் உள்ள முழுக் கட்டும் நகர்ந்திருக்கிறது, அல்லது பாடி நகர்ந்திருக்கிறது. அது நேராக நின்று ராடு மட்டும் சாய்ந்திருந்தால், ராடு வளைந்திருக்கும் அல்லது அதன் அடியைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கும்.

அடுத்து ரப்பர் கவரையும் தரைத்தகட்டையும் கழற்றிவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பாருங்கள். இப்போது எல்லாம் முழுதாக விழுந்தால் கியர் பாக்ஸ் மேல் குற்றமில்லை. தரைத்தகட்டைத் திரும்ப மாட்டிய பிறகு எந்தக் கியரிலும் ராடு ஓட்டையின் விளிம்பைத் தொடக் கூடாது. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் இறுகப் பிடித்து, முதல் கியரில் கிளட்சை மெதுவாக, பிடிக்கும் இடம் வரை மட்டும் விடுங்கள். பின்பு ரிவர்ஸிலும் அப்படியே செய்யுங்கள். இன்னொருவர் பக்கவாட்டில் நின்று ராடின் தலையைக் கவனிக்கட்டும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. ராடு துள்ளிச் சாய்ந்தால் மவுண்டிங் போய்விட்டது.

மவுண்டிங் மாற்றும்போது ஜாக்கிக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையில் பலகை வைத்துத் தாங்குங்கள். எண்ணெய்த் தொட்டியின் தகட்டில் ஜாக்கி கொடுத்தால் அது நசுங்கும். பின்புறம் அதிகம் இறக்கினால் எஞ்சின் பின்னால் சாய்ந்து ஃபேன் உறையில் உரசும். எண்ணெய் ஊறி உப்பிய ரப்பர், இரும்பை விட்டுப் பிரிந்த ரப்பர் இரண்டையும் திரும்பப் போடாதீர்கள். எண்ணெய்க் கசிவையும் அப்போதே அடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் புது ரப்பரும் ஊறிப்போகும். எஞ்சினின் முன் மவுண்டிங் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. போல்ட்டுகளைக் கையால் மட்டும் முடுக்கி, ஜாக்கியை எடுத்து, எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, கட்டு தன் இடத்தில் அமர்ந்த பிறகே முழுதாக இறுக்க வேண்டும். முதலிலேயே இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே நின்று, சாய்வு திரும்ப வரும்.

ராடையே கழற்ற வேண்டியிருந்தால் நியூட்ரலில் வைத்து, சுற்றியுள்ள மண்ணை முழுக்கத் துடைத்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். எடுத்ததும் ஓட்டையைத் துணியால் மூடுங்கள். ராடின் அடிக்குமிழ் அமரும் புஷ் தேய்ந்திருந்தால் மாற்றி, ஸ்பிரிங்கின் விறைப்பைப் பார்த்து, கிரீஸ் தடவி மாட்டுங்கள். ராடு வளைந்தே இருந்தால், கழற்றி வைஸில் பிடித்துத்தான் நிமிர்த்த வேண்டும். வண்டியிலேயே வைத்துத் தீ காட்டினால் பிளாஸ்டிக் புஷ் உருகும். மூடியின் ரப்பரும் கருகும்.

ராடு பிடிப்பே இல்லாமல் தொளதொளவென்று ஆடினால், அதன் அடிநுனி, உள்ளே கியரை நகர்த்தும் தண்டுகளில் உள்ள காடியிலிருந்து (பள்ளத்திலிருந்து) விலகியிருக்கலாம். ராடை எடுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். நியூட்ரலில் எல்லாக் காடிகளும் ஒரே வரிசையில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் முன்னோ பின்னோ நின்றால் பெரிய ஸ்குரூடிரைவரால் மெல்லத் தள்ளி வரிசைக்குக் கொண்டுவாருங்கள். வேறொன்றைத் தவறிக்கூட நகர்த்தாதீர்கள். இரண்டு கியர் ஒன்றாக விழுந்தால் கியர் பாக்ஸ் பூட்டிக்கொள்ளும்.

இத்தனையும் சரியாக இருந்தும் கியர் நழுவினால், கியரை இடத்தில் பிடித்து நிறுத்தும் லாக் பாலின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், கியரைத் தள்ளும் ஃபோர்க் தேய்ந்திருக்கும், அல்லது கியரின் கடிபற்கள் மழுங்கியிருக்கும். கியர் பாக்ஸை இறக்க வேண்டியது அப்போதுதான். கேபிள் வழியாகக் கியர் மாற்றும் வண்டிகளுக்குச் சரிசெய்யும் முறை வேறு.

8 ஆண்டைத் தாண்டிய வாடகை வண்டிகள் ஆண்டுதோறும் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) வருகின்றன. மலைப்பாதை ஜீப்புகளுக்கு மட்டுமாவது, பிரேக் பிடித்து முதல் கியரிலும் ரிவர்ஸிலும் ராடின் ஆட்டத்தைப் பார்க்கும் சோதனையை மோட்டார் வாகன ஆய்வாளர்கள் அப்போது சேர்க்க வேண்டும். கருவி எதுவும் வேண்டாம், சில நிமிடங்களே ஆகும். விறைத்த ரப்பர் கவரையும், டயர் துண்டு வைத்த மவுண்டிங்கையும் கண்டால் மாற்றிவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஜீப் பட்டறை மெக்கானிக்குகள்,
போடிநாயக்கனூர்.