பனியாற்றின் நுனியை மட்டும் அளந்தால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

இமயமலைப் பனியாறுகள் பற்றிய செய்திகளில் 'நுனி ஆண்டுக்கு இத்தனை மீட்டர் பின்வாங்கியது' என்ற ஒரே எண்தான் பெரும்பாலும் வருகிறது. அந்த எண் பொய்யல்ல. ஆனால் எவ்வளவு பனி போனது என்பதை அது சொல்லாது. சுமார் 30 கி.மீ. நீளமுள்ள கங்கோத்ரி பனியாற்றின் கீழ்ப்பகுதி கல்லும் மண்ணும் மூடிக் கிடக்கிறது. மெல்லிய தூசிப் படலம் வெயிலை வாங்கி உருகலைக் கூட்டும். அதுவே அரை மீட்டர் கனத்துக்கு மூடினால் வெப்பம் உள்ளே இறங்காது. அதனால் நுனி அதிகம் நகராமலே, மேலே பனி மெலிந்துகொண்டு போகும்.

உண்மையைச் சொல்வது வரவு செலவுக் கணக்குதான்: மேற்பகுதியில் சேரும் பனி வரவு, கீழ்ப்பகுதியில் உருகுவது செலவு. கீழ்ப்பகுதியில் நீராவியால் ஆழத் துளையிட்டு மூங்கில் கழிகளை இறக்குகிறார்கள். கோடை முடிவில் கழி 2 மீட்டர் கூடுதலாக வெளியே தெரிந்தால், பனிக்கட்டியின் அடர்த்தி நீரின் அடர்த்தியில் 0.9 பங்கு என்பதால், 1.8 மீட்டர் உயர நீருக்குச் சமமான இழப்பு. மேற்பகுதியில் போன கோடையின் அழுக்குப் படலம் வரை குழி வெட்டி, புதுப் பனியை எடை போடவேண்டும். ஆழத்தை மட்டும் அளந்தால் கணக்கு கெடும். புதுப்பனி பஞ்சாக இருக்கும், பழையது இறுகியிருக்கும். கழி முழுதாக வெளிப்பட்டுச் சாய்ந்துவிட்டால் அந்த இடத்தின் அளவும் போயிற்று. இமாச்சலத்தின் சோட்டா ஷிக்ரி பனியாற்றில் 2002 முதல் இந்த அளவீடு நடக்கிறது. சுவிட்சர்லாந்தின் பனியாறுகள் 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்கு பனியை இழந்தன என்பதும் இப்படி அளந்ததால்தான் தெரிந்தது.

திருவொற்றியூர், எண்ணூர் மக்களுக்கு இந்தக் கணக்கு அவசியம். நிலத்தின் மேலுள்ள பனி சுமார் 36,000 கோடி டன் உருகிக் கடலில் சேர்ந்தால் உலகக் கடல்மட்டம் 1 மி.மீ. உயரும். 2000 முதல் 2023 வரை பனியாறுகள் ஆண்டுக்குச் சராசரியாக 27,300 கோடி டன் இழந்துள்ளன. அதாவது ஆண்டுக்கு முக்கால் மி.மீ. நம் கரை அரிப்புக்கு முதல் காரணம் இதுவல்ல. வடக்கு நோக்கி நகரும் மணலைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் மறிப்பதால் மெரினா அகன்றது, நம் கரை கரைந்தது. ஆனால் மணலை இழந்த கரையில் கடல்மட்டம் சிறிது உயர்ந்தாலும் புயல் அலை இன்னும் உள்ளே வரும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதினால், துறைமுகத்தால் வந்த அரிப்புக்கு யாரும் பொறுப்பேற்காமல் போய்விடுவார்கள்.

இனி பனியாற்றுச் செய்தி வெளியிடும்போது நுனியின் தூரத்தோடு, எத்தனை மீட்டர் நீர் இழப்பு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, கழி வைத்து அளந்ததா செயற்கைக்கோள் கணக்கா என்பதையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

வாசகர்,
திருவொற்றியூர், சென்னை – 19