பல்லாவரத்து மேடு

அன்புள்ள மணி,

மணாலிப் படங்கள் வந்தன. "இதுதாண்டா மலை, உன் பல்லாவரத்து மேடெல்லாம் கணக்கிலேயே வராது" என்று சீண்டியிருந்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

மாடியில் ஒரு அறை எழுப்புகிறோம். போன வாரம் முக்கால் ஜல்லி ஒரு லோடு வந்தது. பாதியை வாசல்படியிலேயே கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள், அது தனிக் கதை. ஒரு துண்டை எடுத்துக் கழுவினேன். கறுப்பில் லேசாகப் பச்சை. உடைந்த முகத்தில் எண்ணெய் தடவின மாதிரி மினுமினுப்பு. சார்னோக்கைட்! கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகை இந்தக் கல்தான், இங்கிருந்து போனது. அதை ஆராய்ந்துதான் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் இந்தப் பெயரை வைத்தார்.

சுமார் 250 கோடி வருஷத்துக்கு முன், 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் வெந்து ஈரம் வற்றிப்போன கல் இது. மேலே இருந்தது அத்தனையும் கரைந்து போனதால்தான் இன்று நம் கைக்கு எட்டுகிறது. சரக்கு இறக்க இறக்கப் படகு மேலே வருமே, அப்படி. இன்றும் சென்னைக்கு அடியில் 30 கிலோமீட்டருக்கு மேல் பூமியின் மேலோடு, அதாவது வெளிப்புறப் பாறை ஓடு, மிச்சம் இருக்கிறது. கரைந்து போன இருபதையும் இதையும் கூட்டிப் பார். அவ்வளவு தடிமன் உன் இமயமலை மாதிரி இடத்துக்கு அடியில்தான் இருக்கும். இந்த மேலோட்டின் அடியில் பிற்பாடு கொஞ்சம் பாறை ஒட்டியிருக்கலாம் என்பவர்களும் உண்டு. எனக்கென்னவோ இது கரைந்து போன ஒரு பெரிய மலையின் வேர்தான் என்று படுகிறது.

இன்னும் பின்னால் போனால் கதையே வேறு. ஆஸ்திரேலியாவின் பில்பராவில் 350 கோடி வருஷப் பாறைகளை வானத்திலிருந்து எடுத்த படத்தில் பார்த்தால், வரிசையாக மலைத்தொடர் இல்லை. வட்ட வட்டமாகக் கிரானைட் கொப்புளங்கள், இடுக்குகளில் கரும்பச்சை எரிமலைப் பாறை. பூமி அப்போது இன்னும் சூடு. கனமான எரிமலைப் பாறை கீழே அமிழ, இளகின கிரானைட் மேலே பொங்கியிருக்கிறது. மேலோட்டைச் சுமந்து நகரும் பெரிய பாறைத் தட்டுகள் மோதி மலை எழும்பும் இன்றைய வழக்கம் எப்போது தொடங்கியது என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. 300 கோடியை ஒட்டி என்பவர்கள் நிறைய.

சரி, முட்டி வலி எப்படி இருக்கிறது? மேஸ்திரி கண்ணில் படாமல் உனக்கு இரண்டு கல் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் காங்கிரீட், அதற்குள் வந்தால் நீயே பொறுக்கிக்கொள்ளலாம்.

உன்,
ராகவன்