‘தெரியாது’ என்பவர்களையும் எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கருத்துக்கணிப்புகளுக்குத் தடை வேண்டும் என்று வாதிட்ட உங்கள் தலையங்கத்தைப் படித்தேன். கணிப்புகள் பொய்க்கின்றன, வாக்காளர்களைக் குழப்புகின்றன, அரசியல்வாதிகள் மீது மிச்சமிருக்கும் நம்பிக்கையையும் கெடுக்கின்றன என்று மூன்று குற்றச்சாட்டுகளை அடுக்கியிருந்தீர்கள். ஆனால், இடத்தில் பெரும்பகுதியை விழுங்கியது முதல் குற்றச்சாட்டுதான். புள்ளியியல் கற்பித்துப் பிழைத்தவன் நான். எனக்கு மூன்றிலும் அதுவே அற்பமாகத் தெரிகிறது.

கணிப்பு பொய்ப்பது பழைய கதை. 1936-இல் அமெரிக்காவின் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ வார இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பி, திரும்பி வந்த 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளை எண்ணி, அதிபர் தேர்தலில் ஆல்ஃப் லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. எதிர்த்து நின்ற அதிபர் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளிக்கொண்டு போனார். அதைவிட மிகக் குறைவானவர்களைக் கேட்டு எடுத்த மாதிரியை வைத்துக்கொண்டு, கருத்துக்கணிப்பு முன்னோடி ஜார்ஜ் கேலப் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார். டைஜஸ்ட் முகவரி பொறுக்கியது தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து. பொருளாதார மந்தம் வாட்டிய ஆண்டுகளில் அந்தப் பட்டியல்களில் யார் இருந்திருப்பார்கள், யார் இருந்திருக்க மாட்டார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நம் நாட்டிலும் 2004 நாடாளுமன்றத் தேர்தலில் கணிப்புகள் கவிழ்ந்தன. 2024 ஜூன் 1 மாலை, பெரும்பாலான எக்ஸிட் போல்கள் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் கொடுத்தன. 400 வரை போனவர்களும் உண்டு. ஜூன் 4-ஆம் தேதி வந்தது 293.

இந்தப் பிழைகள் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டன என்பதைக் கவனியுங்கள். வாக்கு எண்ணிக்கை நாளன்று கணித்தவரின் சாயம் வெளுத்துவிடுகிறது. அவரும் அடுத்த தேர்தலுக்குள் முறையைத் திருத்திக்கொள்ளப் பார்க்கிறார். நான் அஞ்சுவது வேறு வகைக் கணிப்புகளை. ‘இந்தச் சட்டத்தை 62 சதவீதம் பேர் ஆதரிக்கிறார்கள்’, ‘அந்தத் திட்டம் வீண் என்கிறார்கள் மக்கள்’ என்று வருகின்றனவே, அவற்றைச் சரிபார்க்க எந்த எண்ணிக்கை நாளும் வருவதில்லை. தவறு என்று நிரூபிக்க வழியே இல்லாததால், அவை உண்மை என்றே உலவுகின்றன.

அப்படிப்பட்ட ஓர் எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவர் திறந்து பார்த்தார். ஜார்ஜ் பிஷப் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1970-களின் இறுதியில் சின்சினாட்டி நகரவாசிகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: 1975-ஆம் ஆண்டின் பொது விவகாரச் சட்டத்தை ரத்து செய்யலாமா, கூடாதா? ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தயங்காமல் கருத்துச் சொன்னார். அப்படி ஒரு சட்டமே கிடையாது. கேள்விக்காகக் கற்பனை செய்யப்பட்டது அது. ‘இதைப் பற்றி நீங்கள் யோசித்ததுண்டா?’ என்று முன்கூட்டியே ஒரு வாய்ப்புக் கொடுத்தபோது, கருத்துச் சொன்னவர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. பதில் சொன்னவர்களை நான் ஏளனம் செய்யவில்லை. கேட்பவர் மரியாதையாகக் கேட்கிறார், விடைகள் இரண்டே இருக்கின்றன, தெரியாது என்று சொல்லக் கூச்சம். யாராக இருந்தாலும் ஒன்றைச் சொல்லி வைப்போம். குறை கேள்வியை வடிவமைத்தவர்களிடம் இருக்கிறது. அதைவிட, ‘தெரியாது’ என்றவர்களைக் கழித்துவிட்டு மிச்சத்தை நூறாக்கி அச்சிடும் பத்திரிகைகளிடம் இருக்கிறது. (உங்கள் வட்ட வரைபடங்களில் ‘கருத்து இல்லை’ என்ற துண்டை நான் பார்த்ததாக நினைவில்லை.)

தெரியாமல் இருப்பது கூடப் பெரிய ஆபத்தில்லை; தவறாகத் தெரிந்து வைத்திருப்பதுதான் ஆபத்து. 2013-இல் பிரிட்டனில் இப்ஸோஸ் மோரி நிறுவனம் நடத்திய கணிப்பில், அரசு தரும் உதவித்தொகையில் 100 பவுண்டுக்கு 24 பவுண்டு மோசடியாகப் பெறப்படுகிறது என்று மக்கள் சராசரியாக மதிப்பிட்டார்கள். அரசின் மதிப்பீடு 100 பவுண்டுக்கு 70 பென்ஸ், அதாவது ஒரு பவுண்டுக்கும் குறைவு. முப்பது மடங்குக்கும் மேல் வித்தியாசம்! இப்படி நம்புகிறவரிடம் போய், உதவித்தொகையைக் கடுமையாக்கலாமா என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? அந்தப் பதிலைத்தான் மறுநாள் மக்களின் தீர்ப்பு என்கிறோம். இதற்கு முன்பே, 2000-இல் வெளியான இலினாய் மாநில ஆய்வொன்று இன்னும் சங்கடமான விஷயத்தைச் சொன்னது. சமூகநல உதவி பற்றிய விவரங்களில் மிகத் தவறாகப் பதில் சொன்னவர்களே, தங்கள் விடை சரி என்பதில் மிக உறுதியாக இருந்தார்கள்.

எனக்குப் பிடித்த உதாரணம் வெளிநாட்டு உதவி பற்றியது. 2010-இல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஆய்வுக்குழு அமெரிக்கர்களிடம், உங்கள் மத்திய அரசு பட்ஜெட்டில் எவ்வளவு வெளிநாட்டு உதவிக்குப் போகிறது என்று கேட்டது. பதில்களின் இடைநிலை மதிப்பு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் பதில், 25 சதவீதம். எவ்வளவு போனால் சரி? 10 சதவீதம் என்றார்கள். உண்மையில் அப்போது போனது சுமார் ஒரு சதவீதம்தான். ‘குறைக்க வேண்டும்’ என்ற பதிலை மட்டும் அச்சிட்டால், உதவியைப் பத்து மடங்காக உயர்த்தச் சம்மதிக்கும் மக்களை உதவிக்கு எதிரிகள் என்று காட்டியவர்களாவோம். எண்ணில் பிழையில்லை, கூட்டலில் பிழையில்லை, மாதிரியிலும் பிழையில்லை. ஆனால் செய்தி தலைகீழ்.

இங்கேதான் அரசியல்வாதி வருகிறார். ஒரு பொய்யை மேடையில் சொல்கிறார், அது கைப்பேசிகளில் சுற்றுகிறது, கணிப்பு நடக்கிறது, பொய்யை நம்பியவர்களின் பதில் சதவீதமாகத் திரும்பி வருகிறது. “நானா சொல்கிறேன்? மக்களே சொல்கிறார்கள்” என்று அதே அரசியல்வாதி உங்கள் பத்திரிகையைத் தூக்கிக் காட்டுகிறார். தான் விதைத்ததைத் தானே அறுவடை செய்துகொள்கிறார். நடுவில் தூற்றிச் சுத்தப்படுத்திக் கொடுத்தவர்கள் நாம். பொய்த்தகவலைத் தடுக்க உண்மை கண்டறியும் பக்கம் ஒன்று நடத்துகிறீர்கள், நல்லது. ஆனால் நான்காம் பக்கத்தில் பொய் என்று சொன்ன செய்தியை நம்பியவர்களின் கருத்து, அந்தக் குறிப்பு ஏதுமின்றி முதல் பக்கத்தில் வரைபடமாக வருகிறது.

நம்பிக்கை விஷயத்துக்கு வருகிறேன். அரசியல்வாதிகள் உண்மை பேசுவார்கள் என்று நம்புவோர் பிரிட்டனில் 2023-இல் 9 சதவீதமாகச் சரிந்தனர். 1983-இல் இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கியதிலிருந்து அதுவரை வந்ததில் அதுவே மிகக் குறைந்த அளவு. அமெரிக்காவில் 1958-இல் முக்கால்வாசிப் பேர் மத்திய அரசை நம்பினார்கள். இப்போது கால்வாசிகூட இல்லை. இவற்றைக் கணிப்புகள் உண்டாக்கிய நோய் என்கிறீர்கள். எனக்கு அந்தக் கேள்வியின் மீதே சந்தேகம். அண்மையில் ஒரு கணிப்பு நிறுவனத்திலிருந்து என்னை அழைத்தார்கள். “அரசியல்வாதிகளை எந்த அளவுக்கு நம்புகிறீர்கள்?” என்று அந்தப் பெண் வாசித்தார். “எந்த அரசியல்வாதியை அம்மா?” என்றேன். “பொதுவாக, சார்.” “சிலரை நம்புகிறேன், சிலரைத் துளியும் நம்பவில்லை.” கொஞ்சம் மௌனம். பிறகு, “அப்படி ஒரு விடை இதில் இல்லை சார். ‘ஓரளவு’ என்று போட்டுக்கொள்ளட்டுமா?” போட்டுக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். முடிக்க வேண்டிய அழைப்புகள் அவருக்கு நிறைய இருந்திருக்கும்.

எல்லா அரசியல்வாதிகளும் பொய்யர்கள் என்று மக்கள் நினைப்பது யாருக்கு லாபம்? பொய்யருக்குத்தான். கையும் களவுமாகப் பிடிபட்டாலும் “யார்தான் சொல்லவில்லை?” என்று அவர் தப்பித்துவிடுவார். உண்மை பேசியவருக்கோ பேசியதற்கான பலன் இல்லை. நம்பிக்கை கூடியதா குறைந்ததா என்று அளப்பதைவிட, நம்பத் தகுந்தவரையும் தகாதவரையும் வாக்காளரால் பிரித்தறிய முடிகிறதா என்று அளக்கலாம். இன்னார் இன்ன வாக்குறுதி கொடுத்தார், நிறைவேற்றினாரா என்று கேட்டுவிட்டு, அதன்பின் நம்புகிறீர்களா என்று கேட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இருக்கும்.

தடை என்பதற்கு நான் உடன்படவில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு ஏற்கெனவே எக்ஸிட் போல்களை வாக்குப்பதிவு முழுவதும் முடியும்வரை தடுக்கிறது. அது நியாயமான ஏற்பாடு. அதற்கு மேல் எல்லாக் கணிப்புகளையும் நிறுத்தினால், கட்சிகள் தங்களுக்குள் கணிப்பு எடுப்பது நிற்காது. வசதியான பகுதியை மட்டும் ‘ரகசிய சர்வே’ என்று கசியவிடுவார்கள். அதைச் சரிபார்க்க வெளியே வேறொரு கணிப்பு இருக்காது.

நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சென்ற மாதக் கணிப்பில் இரண்டு சதவீதப் புள்ளி முன்னிலையை வைத்து ‘முந்துகிறார்’ என்று தலைப்புப் போட்டீர்கள். ஆயிரம் பேரைக் கேட்டால், ஒருவரின் ஆதரவு எண்ணிலேயே மூன்று புள்ளி மேலோ கீழோ போகலாம். இருவருக்கும் இடையிலான வித்தியாசத்தில் அந்தத் தடுமாற்றம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆகவே யாரும் முந்தவில்லை. எத்தனை பேரைக் கேட்டார்கள், எத்தனை பேர் பேச மறுத்தார்கள், பணம் கொடுத்தது யார் என்ற விவரம் எதுவும் அந்தப் பக்கத்தில் இல்லை. அடுத்த முறை தலைவர்களின் படங்களுக்கு ஒதுக்கும் அரைப்பக்கத்தில், கேட்ட கேள்விகளைக் கேட்ட வரிசையிலேயே, ‘தெரியாது’ என்றவர்களின் கணக்கோடு முழுமையாக அச்சிடுங்கள். விஷயம் தெரிந்துதான் பதில் சொன்னார்களா என்று சோதிக்கும் ஒரு கேள்வியையும் சேர்க்கச் சொல்லி அந்த நிறுவனத்திடம் கேளுங்கள். செலவு கூடும் என்று அவர்கள் சொன்னால், அதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்